மேற்கே சூலம், கிழக்கே மெஷின்

செங்கல்பட்டு பஜாரில் கியாசுதீனின் சாக்குக் கடையில் ஷஃபியுல்லாவுக்கு இருந்த வேலை, மச்சான் எது சொன்னாலும் "ஆமாம்" சொல்வது. சாக்குக்கு ஒட்டுப் போட ஓர் ஆள் இருந்தான், கட்டு கட்ட ஓர் ஆள் இருந்தான். ஆமாம் சொல்லும் இலாகா மட்டும் ஷஃபியுல்லாவின் தனிப் பொறுப்பில் இருந்தது. பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் அதற்கு விடுப்பு எடுத்ததில்லை. கடை அடைத்த பிறகும் பணி தொடரும். ஏனென்றால், அவர் குடியிருந்ததே மச்சான் வீட்டுப் பின்கட்டில்தான். குழம்பில் உப்பு கம்மி என்று மச்சான் சொன்னால் ஆமாம். இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்றால் அதற்கும் ஆமாம்.

இதில் அவருக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. குறை அவர் மனைவி சுராயாவுக்குத்தான். கியாசுதீனின் தங்கை என்ற முறையில் அவள் அந்த வீட்டில் பிறந்தவள். ஷஃபியுல்லாவின் மனைவி என்ற முறையில் அதே வீட்டில் விருந்தாளி. எந்த நேரத்தில் எந்த முறை என்பதை அண்ணிதான் தீர்மானிப்பாள். தனக்கென்று ஓர் அடுப்பு, தன் கையால் பூட்டித் திறக்க ஒரு கதவு, இந்த இரண்டைத் தவிர சுராயா கல்யாணத்துக்குப் பிறகு எதையும் கேட்டதில்லை. இந்த இரண்டைக் கேட்காத நாளும் இல்லை.

1974ஆம் வருடம் சித்திரையில் ஒப்பந்தக்காரர் கோதண்டராமன் தார்ப்பாய் வாங்கக் கடைக்கு வந்தார். திருக்கழுக்குன்றத்துக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவில் ஓர் ஏரியைத் தூர் வாரும் வேலையை அவர் எடுத்திருந்தார். முகத்தில் களையில்லை.

"மெஷினு வாங்கிட்டேன் பாய்," என்றார் கியாசுதீனிடம். "வெள்ளக்காரன் சண்டையப்ப வச்சிருந்தது, ஏலத்துல வந்திச்சி. மண்ண அதுவே தோண்டும், அதுவே வாரும், அதுவே கொட்டும். ஓட்டத்தான் ஆளு கெடைக்கலே. ஸ்பேனர் புடிக்கத் தெரிஞ்சவன் அத்தினி பேரும் கல்பாக்கத்துக்குப் பூட்டான். அணுவாம்."

கியாசுதீனுக்குத் தமாஷ் செய்யத் தோன்றியது. "ஆள எங்கியோ தேடிகினு கீறீங்களே. தோ குந்திகினு கீறாரு பாருங்க. மலாயா ரிட்டன். இன்னா மாப்ளே, மெஷினு ஓட்டுவியா?"

ஷஃபியுல்லா பழக்கதோஷத்தில், "ஆமாம்," என்றார்.

கோதண்டராமன் தார்ப்பாயைக் கீழே வைத்தார். "மலாயாவுல ஓட்டிருக்கீங்களா?"

"ஆமாம்."

மலாயாவில் ஷஃபியுல்லா ஒன்பது மாதம் இருந்தது உண்மை. ஈயச் சுரங்கம் ஒன்றின் வாசலில் மண் தோண்டும் மெஷின் ஒன்று நாள் முழுக்க வேலை செய்ததும் உண்மை. அதற்கு எதிர்த்த டீக்கடையில் கிளாஸ் கழுவியபடி அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்பதும் உண்மை. இந்த மூன்று உண்மைகளும் சேர்ந்து ஒரு பொய் ஆகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஒப்பந்தக்காரர் நிபந்தனையைச் சொன்னார். பத்து நாள் கழித்து வெள்ளிக்கிழமை உதவிப் பொறியாளர் வருவார். மெஷினையும் ஓட்டுகிறவரையும் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். போட்டால் வேலை நிச்சயம். ஓட்டுகிறவர் குடியிருக்கத் திருக்கழுக்குன்றத்தில் கோதண்டராமனின் வீடு ஒன்று சும்மா பூட்டிக் கிடக்கிறது, அதன் சாவியும் கிடைக்கும். போடாவிட்டால் மெஷின் ஏலத்துக்கு, ஆள் சாக்குக் கடைக்கு.

அன்று இரவு ஷஃபியுல்லா மனைவியிடம் உண்மையைச் சொன்னார். "பொய் சொல்லிட்டேன் சுராயா."

சுராயா டிரங்குப் பெட்டியைத் திறந்து புடவைகளை அடுக்க ஆரம்பித்திருந்தாள். "சொல்லியாச்சு இல்ல? பத்து நாள் கீது. அத்த நெஜமாக்குங்க."

மறுநாள் முதல் பஸ்ஸில் அவர் ஏரிக்குப் போனார். இன்று கைக்குழந்தைகூடப் பொக்லைன் என்று அடையாளம் காட்டுகிறது. அன்று அதற்கு "மெஷினு" என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. 1941இல் இங்கிலாந்தில் செய்தது என்று ஒரு பித்தளைத் தகடு சொன்னது. கீழே டாங்கிக்கு இருப்பதுபோல் இரண்டு இரும்புச் சங்கிலிகள். அவற்றின் மேல் தகரக் கொட்டகை மாதிரி ஒரு கேபின். சங்கிலி நின்ற இடத்தில் நிற்க, கேபின் மட்டும் தனியாகச் சுற்றும். கேபினுக்கு முன்னால் நீளமாக ஓர் இரும்புக் கை, அதன் நுனியில் ஐந்து பல் வைத்த வாளி. எல்லாவற்றையும் இழுப்பது கட்டைவிரல் தடிமனுள்ள கம்பிக் கயிறு.

உள்ளே நான்கு லிவர்கள் இருந்தன. தூக்க ஒன்று, நீட்ட ஒன்று, கேபினைச் சுற்ற ஒன்று, சங்கிலியில் நடக்க ஒன்று. காலுக்கு இரண்டு பிரேக். இவை போதாதென்று, வாளியின் அடிக்கதவைத் திறக்கத் தலைக்கு மேலே ஒரு கயிறு. ஆக, மனிதனுக்குக் கடவுள் கொடுத்ததைவிட மூன்று உறுப்புகள் கூடுதலாகத் தேவைப்பட்டன.

காவல்காரர் முனிசாமிக்கு அதன் இன்ஜினைக் கைப்பிடி சுற்றிக் கிளப்ப மட்டும் தெரியும். கிளப்பிவிட்டு முப்பதடி தள்ளிப் போய் நின்றுகொள்வார். "உசுரோட கீறவன்தான் காவல் காக்க முடியும் பாய்," என்பது அவர் கொள்கை.

முதல் நாள் ஷஃபியுல்லா பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வாளி தானாகத் தரையில் விழுந்து ஒரு முழம் புதைந்தது. அதைத் தோண்டுதல் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று அவர் யோசித்தார். இரண்டாம் நாள் வாளியைத் தூக்கப் போனால் கேபின் சுற்றியது. மூன்றாம் நாள்தான் காரணம் பிடிபட்டது. மலாயாவில் அவர் பார்த்ததெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து. அங்கே ஓட்டியவனின் வலது கை இவருக்கு இடது கையாகப் பதிந்திருந்தது. ஒன்பது மாதப் படிப்பையும் அன்றே மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்.

ஏரிக்கரையில் இட்லி விற்ற காசியம்மாளுக்கு அந்த வாரம் முழுக்க நல்ல பொழுதுபோக்கு.

"இன்னா பாயி, காத்தாலேர்ந்து ஒரு கூடை மண்ணு வெளிய வரலே? என் மருமவள மந்தம்னு வஞ்சிகினு கீறேன். அவளே இந்நேரம் ஒரு வண்டி வாரியிருப்பா."

"மலாயா மண்ணு வேற மாரிம்மா."

"மண்ணுல இன்னாய்யா மலாயா? நாஸ்தா துன்னுட்டு ஏறு. வெறும் வயித்துல ஓட்றதாலதான் அது ஒன்ன மதிக்கலே."

இட்லி தின்று ஏறியும் அது மதிக்கவில்லை. ஆறாம் நாள் வாளி எண்பது முறை மண்ணுக்குள் போய் எண்பது முறை வெறுமனே வந்தது. மேலிருந்து நேராகக் குத்தினால் பல் மண்ணைக் கீறியது, மண் வாளிக்குள் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது சுராயா விளக்கம் கேட்டாள். அவர் ஒரு சாக்கு மணலில் இரண்டு கரண்டிக் காம்பு, ஒரு மத்து, ஓர் ஊதுகுழல் ஆகியவற்றை நட்டு, இதுதான் நாலு லிவர், மத்து தூக்க, ஊதுகுழல் நீட்ட என்று காட்டினார். அவள் ஒரு குழிக்கரண்டியையும் அரிசித் தவலையையும் எதிரில் வைத்துக்கொண்டு, "இப்ப இழுங்க," என்றாள். அவர் மத்தை இழுத்தார். அவள் கரண்டியை அரிசியில் மேலிருந்து குத்தினாள். நாலு அரிசி ஏறியது.

"பிரியாணி தேக்சாவுல இப்பிடித்தான் கரண்டி போடுவாங்களா?" என்றாள் சுராயா. "நடுவுல குத்துனா கறி ஒடஞ்சிடும், சோறும் வராது. ஓரமா உள்ள வுட்டு, அடியத் தொட்டுட்டு, சுவரோட சேத்து மேல கொண்டாரணும். அப்பத்தான் அடி மசாலாவும் மேல் சோறும் ஒண்ணா வரும்." செய்து காட்டினாள். கரண்டி நிறைந்து வழிந்தது. "இதுக்கு எந்த எந்தக் குச்சி?"

முதலில் ஊதுகுழல், பிறகு மத்து, பிறகு இரண்டும் சேர்ந்து என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். இங்கிலாந்துக்காரர்கள் நாற்பது பக்கப் புத்தகத்தில் எழுதி அனுப்பியதும் அதுதான் என்பது இவர்கள் இருவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்தப் புத்தகத்தை முனிசாமிக்கு முந்தைய காவல்காரர் பீடி பற்றவைக்கப் பயன்படுத்திவிட்டார்.

ஏழாம் நாள் ஷஃபியுல்லா வாளியைக் கரையின் அடியில் வைத்து, நீட்டி, மேலே இழுத்தார். வாளி நிறைந்தது. கேபினைச் சுற்றி, கயிற்றை இழுத்து, மண்ணைக் கொட்டினார். முனிசாமி முப்பதடியை இருபதடி ஆக்கினார். காசியம்மாள் ஓர் இட்லி கூட வைத்தாள். ஒன்பதாம் நாளுக்குள் நடக்கும் லிவரும் பழகிவிட்டது. முன்னால் தள்ளினால் ஏரிக்குள்ளே மேற்கே போகும், பின்னால் இழுத்தால் கிழக்கே கரைக்கு வரும். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று அவர் நினைத்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. நிகழ்ச்சி காலை பத்து மணிக்கு. ஷஃபியுல்லாவுக்கு ஜும்மா தொழுகைக்குப் போக வேண்டும். உதவிப் பொறியாளர் ரவிச்சந்திரனுக்கு, மாமனார் வீட்டாரை அழைத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றத்தில் கழுகுக்குச் சோறு வைக்கும் மதிய நேரத்துக்கு மலை ஏற வேண்டும். இரண்டு பேரும் அவசரத்தில் இருந்தார்கள். கோதண்டராமன் மட்டும் நிதானமாகப் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். பிரித்தவர் திடுக்கிட்டார்.

"வெள்ளிக்கெழம மேக்கே சூலம்! மெஷினு எங்க பாத்து நிக்குது?"

"மேக்கே பாத்துத்தான் மொதலாளி," என்றார் முனிசாமி.

"சூலத்துக்கு எதிர்ல மொத அடி வைக்கிறதா? வெளங்கிடும். கெழக்கே திருப்பு."

மெஷின் முழுவதையும் திருப்புவது என்றால், கீழே இறங்கி, சங்கிலியில் ஆப்பு மாற்றி, கடப்பாரை போட்டு, அரை நாள் வேலை. கேபினை மட்டும் திருப்புவது ஒரு லிவர் வேலை. ஷஃபியுல்லா ஒரு லிவர் வேலையைச் செய்தார். கேபின் அரை வட்டம் அடித்து, கையும் வாளியும் கிழக்கே கரையைப் பார்த்து நின்றன. முகம் எங்கே பார்க்கிறதோ அதுதான் திசை என்பதில் அங்கிருந்த ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கோயில் பூசாரி கருப்பன் வாளிக்குச் சந்தனம் பூசி, ஐந்து பல்லுக்கும் குங்குமம் வைத்து, கிழக்குப் பக்கம் சங்கிலியின் அடியில் இரண்டு எலுமிச்சம்பழங்களை வைத்தார். ஷஃபியுல்லா கேபினுக்குள் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டார். இரு தரப்பு ஏற்பாடுகளும் திருப்தியாக முடிந்தன.

மெஷின் கிழக்கே வரப்போவதால், பாதுகாப்பைக் கருதி ஆறு நாற்காலிகளை மேற்கே, அதன் முதுகுக்குப் பின்னால், ஒரு பந்தலில் போட்டிருந்தார்கள். நடுவில் பொறியாளர், ஒரு பக்கம் ஒப்பந்தக்காரர், இன்னொரு பக்கம் கியாசுதீன். கியாசுதீனை யாரும் அழைக்கவில்லை. மாப்பிள்ளை அவமானப்படும்போது சொந்தக்காரர் ஒருவராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அவராகவே வந்திருந்தார். சுராயா கரைமேல், காசியம்மாள் பக்கத்தில், டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெட்டி திரும்பச் செங்கல்பட்டுக்குப் போகாது என்று காலையிலேயே அண்ணியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கருப்பன் பூசணிக்காய் உடைத்தார். கோதண்டராமன் கைக்குட்டையை ஆட்டினார். ஷஃபியுல்லா நடக்கும் லிவரை முன்னால் தள்ளினார்.

மெஷின் பின்னால் போனது.

மணிக்கு ஒன்றரை மைல் வேகம் என்பது பெரிய வேகம் இல்லை. ஆனால் பந்தல் எட்டடி தூரத்தில்தான் இருந்தது. மெஷின் தவறுதலாகப் பின்னால் போகிறது, முன்னால் கொண்டுவர வேண்டும் என்று ஷஃபியுல்லா சரியாகவே யோசித்தார். அதனால் முன்னால் தள்ளும் லிவரை இன்னும் பலமாக முன்னால் தள்ளினார்.

பொறியாளர் ரவிச்சந்திரன் தன் பதவிக்கு ஏற்ற நிதானத்தோடு எழுந்தார், பிறகு பதவியை மறந்து ஓடினார். ஃபைல் பறந்தது. கியாசுதீன் ஒரு செருப்போடு கரை ஏறினார். பந்தல் மெதுவாகச் சாய்ந்து, ஆறு நாற்காலிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அப்பளம்போல் ஒலி எழுப்பின. மெஷின் அவற்றைக் கடந்து நடு ஏரிக்குப் போனது. ஏரி வற்றியிருந்தாலும் அங்கே நான்கு எருமைகள் படுத்துக்கொள்ளும் அளவுக்குச் சேறு மிச்சம் இருந்தது. எருமைகள் எழுந்து இடம் கொடுத்தன. மெஷின் சங்கிலியின் உச்சி வரை அமிழ்ந்து நின்றது.

இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கேபினில் ஷஃபியுல்லா நான்கு லிவர்களையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவை ஒன்பது நாள் பழகியவை. ஒன்றுகூட அவரைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கியாசுதீன் கரையிலிருந்து கையைக் குவித்துக் கத்தினார். "எறங்கு மாப்ளே! போனா போவுது. வா, கடையத் தொறக்கலாம்!"

எல்லோருக்கும் கேட்டது. சுராயா பெட்டியின் மேலிருந்து எழவில்லை. அவள் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் எது சொன்னாலும் அதற்கு என்ன பதில் என்பது அவளுக்குப் பதினோரு வருடமாகத் தெரியும்.

"இல்லே மச்சான்," என்றார் ஷஃபியுல்லா.

அந்தச் சொல் அவர் வாய்க்குப் புதிது என்பதால் சற்றுக் கரகரப்பாக வந்தது. சொன்னதோடு நிற்காமல், லிவரை மறுபடியும் முன்னால் தள்ளினார். மெஷின் இன்னும் ஒரு முழம் மேற்கே போய், இன்னும் அரை முழம் இறங்கியது.

அப்போதுதான் சுராயா எழுந்தாள். ஓடிவந்து சேற்றின் விளிம்பில் நின்று, முட்டாக்கு நழுவுவதைக்கூடக் கவனிக்காமல் கத்தினாள். "ஏங்க! சட்டிதாங்க திரும்பியிருக்கு! அடுப்பு திரும்பலே!"

"இன்னா?"

"நீங்கதான் கெழக்கே பாத்துகினு கீறீங்க! கீழ சங்கிலி இன்னும் மேக்கேதான் பாத்துகினு கீது! அதுக்கு முன்னாலன்னா மேக்கேதான்!"

ஷஃபியுல்லா கேபினுக்கு வெளியே தலையை நீட்டிக் கீழே பார்த்தார். அடுப்பு திரும்பவில்லை. அவர் லிவரைப் பின்னால் இழுத்தார். சங்கிலி கிழக்கே சுழன்றது, ஆனால் சேற்றில் வழுக்கிக்கொண்டு ஒரே இடத்தில்தான் சுழன்றது. இதற்குச் சுராயாவின் சமையலில் விடை இல்லை. மலாயாவில் இருந்தது. அங்கே ஒரு மழைநாளில் மெஷின் சேற்றில் மாட்டியபோது, உள்ளே இருந்தவன் வாளியைத் தூரத்தில் கெட்டித் தரையில் ஊன்றி, இரும்புக் கையை மடக்கி, மெஷினையே வாளியிடம் இழுத்துக்கொண்டு போனான். ஷஃபியுல்லா அன்று கையிலிருந்த கிளாஸைக் கழுவ மறந்து பார்த்த காட்சி அது. அவர் வாளியைக் கிழக்கே முழு நீளத்துக்கு நீட்டினார். பல்லைக் காய்ந்த தரையில் குத்தினார். ஒரு கையால் நீட்டும் லிவரையும் இன்னொரு கையால் நடக்கும் லிவரையும் சேர்த்து இழுத்தார்.

கம்பிக் கயிறு முறுக்கேறிக் கிரீச்சிட்டது. முனிசாமி ஐம்பதடிக்குப் போனார். மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு ஒரு முழம் நகர்ந்தது. மறுபடி ஊன்றினார், மறுபடி இழுத்தார். எட்டாவது இழுப்பில் அது சேற்றிலிருந்து ஏறி, நொறுங்கிய நாற்காலிகளின் மேல் திரும்பி வந்து, எலுமிச்சம்பழங்களையும் நசுக்கி, கரையடியில் நின்றது. ஷஃபியுல்லா அதோடு விடாமல், ஓரமாக உள்ளே விட்டு, அடியைத் தொட்டு, ஒரு வாளி மண்ணை வாரிக் கொட்டிக் காட்டினார்.

பொறியாளர் சட்டையில் ஒட்டிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். நடந்ததை நடந்தபடி எழுதினால் தாம் ஓடியதையும் எழுத வேண்டும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

"சேத்துல எறக்கி ஏத்துனது வேணும்னேதானே?" என்று கேட்டார்.

ஷஃபியுல்லா வாயைத் திறப்பதற்குள் கோதண்டராமன் முந்திக்கொண்டார். "பின்ன? மலாயா மொறை சார் அது!"

ரவிச்சந்திரன் அங்கேயே, டிரங்குப் பெட்டியின் மேல் ஃபைலை வைத்து, அறிக்கை எழுதினார். "மேற்படி இயந்திரம் முன்னோக்கியும் பின்னோக்கியும் இயங்குவது நேரில் காணப்பட்டது. சதுப்பு நிலத்தில் தானே இறங்கித் தானே கரையேறும் திறன் எதிர்பார்ப்புக்கு மேலாக உள்ளது. பார்வையாளர்கள் உரிய நேரத்தில் அப்புறப்படுத்தப்பட்டனர். ஓட்டுநர் தகுதியானவர்." கையெழுத்துப் போட்டுவிட்டுக் கழுகு பார்க்கப் போனார்.

மேற்கே சூலத்துக்குப் பரிகாரம் வெல்லம். போவதற்கு முன் வாயில் போட வேண்டியதைப் போய்வந்த பிறகு போட்டாலும் பலிக்குமா என்று பஞ்சாங்கத்தில் இல்லை. கோதண்டராமன் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோர் வாயிலும் ஒரு துண்டு போட்டார், மெஷினின் வாளியிலும் ஒன்று வைத்தார். பிறகு மடியிலிருந்து சாவியை எடுத்து ஷஃபியுல்லாவிடம் நீட்டினார். அவர் கையெல்லாம் கிரீஸ். அதனால் சுராயா வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தச் சாவி ஷஃபியுல்லாவின் கைக்கு வந்ததாகத் தகவல் இல்லை.

திருக்கழுக்குன்றத்து வீட்டில் அன்று மாலை அடுப்பு மூட்டியாகிவிட்டது. மறுநாள் சுராயா கணவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஏரிக்கு வந்தாள். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே நடப்பது தெரியாது, வெளியே ஒருவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவள் அபிப்பிராயம். எனவே சாப்பாடு கொடுத்த பிறகும் அவள் போகவில்லை. அடுத்த நாள் காலையிலேயே வந்தாள். ஒரு வாரத்தில் குடை வந்தது, பிறகு முக்காலி வந்தது. குடையை வலப்பக்கம் சாய்த்தால் ஒரு லிவர், இடப்பக்கம் சாய்த்தால் ஒரு லிவர், மடக்கினால் பிரேக். ஏரி நான்கு மாதத்தில் முடிந்தது. ஒப்பந்தக்காரர் அடுத்த ஏரி எடுத்தார். அங்கேயும் மெஷினுக்கு முன்னால் முக்காலி போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது ஏரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த மேலதிகாரி ஒருவர், கரையில் குடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்துவிட்டு, அது யார் என்று முனிசாமியைக் கேட்டார்.

"அவுங்கதான் சார் மெஷினு ஓட்றாங்க," என்றார் முனிசாமி.

"அப்ப உள்ள இருக்கிறது?"

"அவுங்க வூட்டுக்காரரு. சும்மா குந்திகினு இருந்தா நல்லா இருக்காதுன்னு லிவர புடிச்சிகினு கீறாரு."